ஆண்டுத் தேவை: இரண்டு

சிப் தயாரிக்கும் நிறுவனங்களைப் பற்றி முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன்; பிறகு நேரம் கிடைக்காது. அவர்கள் மைக்ரோகன்ட்ரோலர் விற்கிறார்கள். காசை வாங்கிக்கொண்டு, பில் போட்டு, பத்திரமாக கவரில் வைத்து அனுப்புகிறார்கள். கூடவே டேட்டாஷீட்டும் உண்டு. சிப்பின் கால் எத்தனை மில்லிமீட்டர் அகலம், எத்தனை டிகிரி சூட்டில் எத்தனை நொடி சாலிடர் வைக்கலாம், எந்த ஈரப்பதத்தில் எத்தனை நாள் வெளியே வைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். உயிர்காக்கும் கருவிகளில் பயன்படுத்தி ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல என்பது எல்லா டேட்டாஷீட்டிலும் தவறாமல் இருக்கும். சிலவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருக்காது: நாம் எழுதிய புரோகிராமை அந்தச் சிப்புக்குள் எப்படி ஏற்றுவது என்பது.

மைக்ரோகன்ட்ரோலரே புரோகிராம் ஏற்றுவதற்கென்று பிறந்த பொருள். ஏற்றாவிட்டால் அது எட்டுக் கால் முளைத்த கறுப்புப் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை விற்றுவிட்டார்கள். மீதியைக் கேட்டால் "அது எங்கள் அறிவுச்சொத்து" என்கிறார்கள்.

தைவானில் ஷின்ச்சு நகரத்தில் படாக் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அதன் பி.எம்.எஸ். 150சி என்ற சிப்பின் விலை, மொத்தமாக வாங்கினால், 2018-இல் மூன்று அமெரிக்க சென்ட். நம் காசில் இரண்டு, இரண்டரை ரூபாய். இவ்வளவு மலிவாகக்கூட மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறதா என்று அந்த ஆண்டு உலகமெங்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் வாயைப் பிளந்தார்கள். உள்ளே 1,024 கட்டளைகளுக்கு இடம், 64 பைட் ரேம். ஒரு தடவைதான் எழுத முடியும். தப்பாக எழுதினால் குப்பைத்தொட்டி. மூன்று சென்ட்டுக்கு வேறென்ன வேண்டும்?

ஆசையாக டேட்டாஷீட்டைத் திறந்தவர்களுக்குக் கிடைத்தது வேடிக்கையான தரிசனம். கட்டளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எந்தக் கட்டளைக்கு எந்த எண் என்பது மட்டும் இல்லை. கம்பைலர் உண்டு, அது அவர்களுடைய சொந்தக் கம்பைலர், விண்டோஸில் மட்டும் ஓடும், சி மொழியின் சாயலில் இருக்கும், ஆனால் சி அல்ல. அது வெளியே தள்ளும் கோப்பும் யாரும் படித்துவிடக் கூடாதென்று குழப்பியே வெளிவரும். அந்தக் கோப்பைச் சிப்பில் எழுதும் கருவியும் அவர்களிடமே வாங்க வேண்டும். அதன் விலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப் வாங்கிவிடலாம். எந்தக் காலில் எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும், எந்த வரிசையில் பிட்டுகளை அனுப்ப வேண்டும்? அது ராஜரகசியம்.

இரண்டரை ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை காவல்.

அப்புறம் நடக்க வேண்டியது நடந்தது. ஊர் பேர் தெரியாத சிலர், சம்பளம் வாங்காமல், ராத்திரி உட்கார்ந்து அந்தக் கருவியின் கால்களில் ஆஸிலோஸ்கோப்பை மாட்டி, என்ன வோல்ட்டேஜ் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்தார்கள். கட்டளைகளின் எண்களைக் கண்டுபிடித்தார்கள். குழப்பிய கோப்பைத் தெளிவாக்கினார்கள். ஃப்ரீ பி.டி.கே. என்று பெயர் வைத்து, எழுதும் கருவியின் சர்க்யூட் வரைபடத்தையும் மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். எஸ்.டி.சி.சி. என்ற இலவச சி கம்பைலர் இந்தச் சிப்புக்கும் வேலை செய்யத் தொடங்கியது. மகா ரகசியம் சந்தி சிரித்த பிறகும் ஷின்ச்சுவில் சூரியன் கிழக்கேதான் உதிக்கிறது. சிப்பும் விற்றுக்கொண்டிருக்கிறது, சொல்லப்போனால் அந்த நிறுவனத்தின் பேர் நம் ஊர் வரைக்கும் தெரிந்ததே இதனால்தான்.

இவர்கள் பொத்திப் பொத்தி வைக்கிற அந்தப் பொக்கிஷத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். மறைக்காமல் வெளியிட்ட ஒருவருடைய தாளைப் பிரித்தே காட்டிவிடலாம். மைக்ரோசிப் நிறுவனத்தின் பி.ஐ.சி. 16எஃப்84 ஒரு காலத்தில் ஆர்வலர்களின் செல்லப்பிள்ளை. அதற்கு ஐந்து ஒயர் போதும். ஒன்று மின்சாரம், ஒன்று கிரவுண்ட். மூன்றாவது ஒயரில் சுமார் 13 வோல்ட் கொடுத்தால் 'என்மேல் எழுதப் போகிறார்கள்' என்று சிப் புரிந்துகொள்ளும். நான்காவதில் கிளாக், ஐந்தாவதில் டேட்டா. பிறகு ஆறு ஆறு பிட்டாகக் கட்டளை: இந்தத் தரவை வாங்கிக்கொள், எழுது, அடுத்த முகவரிக்கு நகரு, எழுதியதைப் படித்துக் காட்டு. எழுத எத்தனை மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும் என்று ஒரு வரி. முடிந்தது. சிப்பின் உள்ளே டிரான்சிஸ்டர் எங்கே இருக்கிறது, சிலிக்கானை எப்படிச் செதுக்கினார்கள் என்பதெல்லாம் இதில் ஒரு எழுத்துகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரும் இன்னொரு சிப் செய்துவிட முடியாது. வாங்கிய சிப்பைப் பயன்படுத்த மட்டுமே முடியும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டில் நாலைந்து டிரான்சிஸ்டரை ஒட்டவைத்து உலகமெங்கும் பையன்கள் புரோகிராமர் என்கிற அந்த எழுதும் கருவியைச் சொந்தமாகச் செய்தார்கள். மைக்ரோசிப் திவாலாகவில்லை. 2016-இல் போட்டிக் கம்பெனியான அட்மெல்லையே விலைக்கு வாங்கியது.

இன்னும் பின்னால் போனால் வெட்கமே வரும். இன்டெல்லின் 2716 எப்ரோம் வந்தது 1977-இல். 25 வோல்ட் கொடு, 50 மில்லிசெகண்ட் பல்ஸ் கொடு, ஒரு பைட் எழுதப்பட்டுவிடும் என்று டேட்டாஷீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். அதை ரகசியம் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவே இல்லை. விற்கிற பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வது வியாபாரத்தின் பால பாடம். அப்போது சட்டப் பிரிவில் ஆள் குறைவு போலிருக்கிறது.

இனி, எழுதும் முறையைக் கேட்டு நிரப்ப வேண்டியிருந்த ஒரு படிவத்தின் கதை.

என் அக்கா மகன் பாலிடெக்னிக் கடைசி வருடம். சென்னை ரிச்சி தெருவில் ஏதோ ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு சிப்பை வாங்கி வந்துவிட்டான். நிறுவனத்தின் பேர் வேண்டாம், பெரிய இடம். எழுதும் முறை வேண்டுமானால் அவர்கள் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, கம்பெனி பேரு கேக்குது. ஸ்டார் போட்டிருக்கான், விட முடியாது."

"வீட்டுப் பேரைப் போடேன்."

'அன்னை இல்லம்' என்று போட்டான். ஏற்றுக்கொண்டது. அடுத்தது பதவி. பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கொள்முதல் மேலாளர், தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி, பொறியியல் துணைத் தலைவர் எல்லாம் இருந்தார்கள். மாணவன் இல்லை. 'இதர' என்றுகூட ஒன்று இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு துணைத் தலைவரானான். அடுத்தது ஆண்டுத் தேவை.

"எத்தனைப்பா வேணும்?"

"ஒண்ணு போதும் மாமா. எரிஞ்சு போச்சுன்னா ஸ்பேருக்கு ஒண்ணு. ரெண்டுன்னு போடட்டா?"

போட்டான். பிறகு பிராஜெக்ட்டின் பெயர், அது சந்தைக்கு வரும் காலாண்டு, எந்த டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்குகிறீர்கள், போட்டி நிறுவனங்களின் எந்தச் சிப்பைப் பரிசீலிக்கிறீர்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவி எந்தக் காலாண்டில் சந்தைக்கு வரும் என்று அவனுக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. கடைசியில் மின்னஞ்சல். ஜிமெயில் செல்லாதாம், அலுவலக முகவரி வேண்டுமாம். கல்லூரி கொடுத்த முகவரியைப் போட்டு அனுப்பினான்.

பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உங்கள் கோரிக்கை எங்கள் வணிக அளவுகோல்களுக்குள் தற்போது வரவில்லை. சரி, போகட்டும். ஆனால் அதற்கடுத்த வாரத்திலிருந்து 'மதிப்புக்குரிய துணைத் தலைவர் அவர்களுக்கு' என்று அவனுக்கு அழைப்பு மேல் அழைப்பாக வந்துகொண்டிருக்கிறது. நாளைய கண்டுபிடிப்பாளர்களுக்குச் சிறகு கொடுப்பது எப்படி என்று இணையக் கருத்தரங்கமாம். இந்தியாவின் இளம் திறமையை வளர்ப்பதில் எங்கள் பங்கு என்று ஒன்றாம். சிறகைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தயாராக இருக்கிறார்கள். ஐந்து ஒயரைப் பற்றிக் கேட்டால்தான் அளவுகோல் குறுக்கே வந்துவிடுகிறது.

பூட்டை விற்றுவிட்டு, சாவி கேட்டால் 'வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் தடவை திறப்பீர்கள்?' என்று கேட்கிற கடைக்காரனை நம் ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று இங்கே எழுத முடியாது. குடும்பப் பத்திரிகை.

இவர்கள் சொல்லும் நியாயங்களுக்கு வருவோம். முதலாவது, போட்டியாளர்கள் திருடிவிடுவார்கள் என்பது. எந்தப் போட்டியாளர்? சிப் செய்கிற அளவுக்கு வசதியுள்ள நிறுவனத்திடம் ஒரு லாஜிக் அனலைசர் இருக்காதா? உங்கள் புரோகிராமரை விலைக்கு வாங்கி, ஐந்து ஒயரில் கிளிப்பை மாட்டி, சாயங்காலக் காபி ஆறுவதற்குள் பார்த்துவிடுவார்கள். எட்டு சானல் லாஜிக் அனலைசரின் மலிவு நகல் இன்று ரிச்சி தெருவிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒயரில் வெட்டவெளிச்சமாக ஓடுகிற சமாச்சாரத்தைத்தான் ரகசியம் என்று சொல்லி என்.டி.ஏ. என்கிற ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் பாட்டிகள் சொன்னபோது, அதற்கு ஒரு சட்டப் பிரிவும் வைப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பணக்காரப் போட்டியாளனுக்கு இந்த ரகசியம் அரை நாள் வேலை. பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு கையெழுத்து. உண்மையிலேயே வெளியே நிற்பவன் ஒருவன்தான்: இரண்டு சிப் வாங்கியவன்.

இரண்டாவது நியாயம் பாதுகாப்பு. இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எழுதும் முறை தெரிந்தால் வாடிக்கையாளரின் புரோகிராமைத் திருடிவிடுவார்களாம். ஐயா, அதற்கென்றுதானே சிப்புக்குள்ளேயே பூட்டு பிட் வைத்திருக்கிறீர்கள்? அதைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது; முழுவதையும் அழித்தால்தான் பூட்டு கழலும். ஏ.வி.ஆர். சிப்களில் இது எப்படி வேலை செய்கிறது என்று அட்மெல் டேட்டாஷீட்டிலேயே விலாவாரியாக எழுதியிருக்கிறது. பூட்டு நல்ல பூட்டாக இருந்தால் முறை தெரிந்தும் பயனில்லை. பூட்டு ஓட்டைப் பூட்டாக இருந்தால் முறையை மறைத்தும் பயனில்லை. பி.ஐ.சி. 16சி84-இன் பூட்டை வோல்ட்டேஜ் தந்திரத்தால் உடைத்தார்கள். அந்தக் குடும்பத்துச் சிப்களை வைத்துத்தான் ஐரோப்பாவில் கள்ள டி.வி. அட்டைகள் செய்தார்கள். உண்மைதான். ஓட்டை இருந்தது சிப்பில், தாளில் அல்ல. கள்ள அட்டை விற்றுக் காசு பார்க்கிறவன் பி.டி.எஃப். கிடைக்கவில்லையே என்று தொழிலை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகப் போவதில்லை.

ரகசியத்தையே பாதுகாப்பு என்று நம்பாதே, முறை முழுவதும் எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதகம் வராதபடி அமைத்துக்கொள் என்று அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற டச்சுக்காரர் எழுதியது 1883-இல். ராணுவத்துக்காக எழுதினார். ராணுவங்களே ஒப்புக்கொண்டுவிட்டன. வாஷிங் மெஷின் சிப் விற்பவர்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இதே நம்பிக்கையில் கோட்டை கட்டிய என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் கதை நினைவிருக்கலாம். மைஃபேர் கிளாசிக் என்ற அட்டைச் சிப். அப்போது லண்டனில் ரயில் ஏற அதுதான், நெதர்லாந்தில் பஸ் ஏற அதுதான். உள்ளே இருந்த மறையாக்க முறை யாருக்கும் சொல்லப்படவில்லை. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், சிப்பை அடுக்கடுக்காகச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து, அந்த முறை என்னவென்று கண்டுபிடித்ததைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு நெய்மேகன் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் அந்த முறை எவ்வளவு பலவீனம் என்று கட்டுரை வெளியிடப் போனபோது நிறுவனம் சிப்பைத் திருத்தவில்லை, கோர்ட்டுக்குப் போனது. கட்டுரையைத் தடை செய்யுங்கள் என்றது. 2008 ஜூலையில் ஆர்னெம் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்களுக்கு நட்டம் வந்தால் அது குறையுள்ள சிப்பைச் செய்து விற்றதால் வருவது, கட்டுரையால் அல்ல என்பதே நீதிபதி சொன்னதன் சாரம். நம் ஊர்த் திண்ணையில் உட்காரவைத்து மாலை போட வேண்டிய நீதிபதி.

மூன்றாவது நியாயம்: வெளியிட்டால் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல ஆள் இல்லை. வெளியிடாததால்தான் கேட்கிறார்கள். முதல் பக்கத்தில் 'இதற்கு உதவி கிடையாது' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். இருக்கிற வேறு எல்லாத் தாளிலும் உங்கள் வழக்கறிஞர்கள் அதைத்தானே போடுகிறார்கள்? செலவு என்பார்கள், அதையும் கேட்டுவைப்போம். அந்தத் தாள் ஏற்கெனவே எழுதி, சரிபார்த்து, பக்க எண் போட்டு, பெரிய வாடிக்கையாளருக்குக் கொடுத்து முடிந்த தாள். அதை வெளியே விட ஆகும் செலவு, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் காவலாளியின் சம்பளம் மிச்சமாவதுதான்.

இனி திறந்து வைத்தவர்களின் கதி. பாவம், பார்க்கவே பரிதாபம். அட்மெல் ஏ.வி.ஆர். சிப்பில் எழுதும் முறையை டேட்டாஷீட்டில் தனி அத்தியாயமாகவே போட்டார்கள். யார் யாரோ அதைப் படித்து ஏ.வி.ஆர்.டியூட் போன்ற இலவச மென்பொருள் எழுதினார்கள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஒரு வடிவமைப்புப் பள்ளியைச் சுற்றி அர்டுயினோ பிறந்தபோது, அதன் நடுவில் உட்கார்ந்திருந்தது அந்தச் சிப்தான். இன்று நம் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் புராஜெக்ட் கண்காட்சி என்று ஒன்று நடந்தால் அர்டுயினோ இல்லாத மேசையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு பிட் சிப்பை இனி யார் சீண்டுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு இன்னொரு வாழ்க்கை கிடைத்தது. எந்த விளம்பர நிறுவனமும் வாங்கித் தந்தது அல்ல. படித்துக்கொள்ளும்படி விட்ட ஒரு அத்தியாயம் வாங்கித் தந்தது.

ஷாங்காயைச் சேர்ந்த எஸ்ப்ரெசிஃப் 2014-இல் இ.எஸ்.பி. 8266-ஐ விட்டபோது அதன் ஆவணங்கள் பெரும்பாலும் சீன மொழியில் இருந்தன. ஆர்வலர்களே மொழிபெயர்த்தார்கள். ஒரு காலை கிரவுண்டில் வைத்து ரீசெட் செய்தால் சீரியல் வழியாக எழுதலாம் என்று தெரிந்ததும், எழுதும் மென்பொருளையும் ஆர்வலர்களே செய்தார்கள். அந்த நிறுவனம் செய்த புத்திசாலித்தனம் ஒன்றுதான்: வழக்குப் போடவில்லை. அதே ஆண்டே மென்பொருள் கருவிகளை வெளியிட்டார்கள், ஆர்வலர்கள் எழுதிய இ.எஸ்.பி.டூலைத் தங்கள் அதிகாரபூர்வக் கருவியாகவே ஏற்றுக்கொண்டார்கள், ஆர்வலர்களில் சிலருக்கு வேலையும் கொடுத்தார்கள். 2019-இல் ஷாங்காய் பங்குச் சந்தையில் ஏறினார்கள். 2023-இல் நூறு கோடி சிப்களைத் தாண்டிவிட்டோம் என்று அறிவித்தார்கள். அக்கா மகன் தொட்டிக்கு மாட்டியிருப்பதும் கடைசியில் இதைத்தான். ஆறு வருடம் கழித்து ஏதோ ஒரு கம்பெனியில் ஐம்பதாயிரம் சிப்புக்கு ஆர்டர் போடும் நாற்காலியில் அவன் உட்காரலாம். அப்போதும் அவன் கை தெரிந்த சிப்பைத்தான் தேடும். வணிக அளவுகோல் வைத்திருப்பவர்களிடம் அதை அளக்க முள் இல்லை.

ராஸ்ப்பெர்ரி பையின் ஆர்.பி. 2040 வந்தது 2021 ஜனவரியில். அறுநூறு பக்கத்தைத் தாண்டும் டேட்டாஷீட், உள்ளே இருக்கும் பூட் ரோமின் மூல நிரல் உள்பட எல்லாம் வெளியே. பட்டனை அழுத்திக்கொண்டு யு.எஸ்.பி.யில் செருகினால் பென் டிரைவ் மாதிரித் திறக்கிறது. கோப்பை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. புரோகிராமர் என்ற கருவியே தேவையில்லை. நாலு டாலர் போர்டு. இதெல்லாம் முடியாது, ஆபத்து, அறிவுச்சொத்து என்று மற்றவர்கள் மீட்டிங் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திறந்தவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. புரோகிராம் ஏற்றும் வாசலைத் திறந்து வைத்த அதே அட்மெல், ஓடும் புரோகிராமில் எங்கே தப்பு என்று பார்க்க உதவும் டீபக்ஒயர் முறையை மூடி வைத்தது. அதையும் ஆர்வலர்கள்தான் ஒயரில் காதை வைத்துக் கேட்டு எழுதினார்கள். 16எஃப்84-க்காக மேலே பாராட்டு வாங்கிய மைக்ரோசிப், ஜி.சி.சி. என்ற இலவசக் கம்பைலரை எடுத்து, எக்ஸ்.சி.16, எக்ஸ்.சி.32 என்று பெயர் மாற்றி, நிரலைச் சுருக்கி வேகமாக்கும் வசதிகளுக்கு லைசென்ஸ் பூட்டுப் போட்டுப் பல ஆண்டுகள் காசு வாங்கியது. உலகத்தார் சும்மா எழுதிக் கொடுத்ததற்கு இவர்கள் வாசலில் டிக்கெட். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மூடி வைப்பதால்கூட அல்ல. மூடி வைத்துவிட்டுக் கல்லூரிக் கல்லூரியாக வருகிறார்களே, அதனால். ஹேக்கத்தான் நடத்துகிறார்கள். டி-ஷர்ட் கொடுக்கிறார்கள். முப்பத்தாறு மணி நேரம் பசங்களைத் தூங்கவிடாமல் உட்காரவைத்து, பீட்சா வாங்கிக் கொடுத்து, வெற்றி பெற்ற ஐடியாவின் உரிமை யாருக்கு என்று சின்ன எழுத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, நம் மாணவர்களிடம் ஆழமாகத் தோண்டும் ஆர்வமில்லை, எல்லாவற்றையும் மேலோட்டமாகச் செய்கிறார்கள் என்று வருத்தப்படுகிறார். தோண்டுகிற இடத்திலெல்லாம் கான்கிரீட் போட்டது யார், சார்? அர்டுயினோவில் நாலு வரியை ஒட்டித் தருகிறான் என்று கேலி செய்கிறீர்களே, அதற்கு அடியில் போய்ப் பார்க்க வந்தவனிடம் ஜிமெயில் செல்லாது என்று சொன்னது யார்?

இன்னொரு கூத்தும் உண்டு. ரகசியத்தைக் காப்பாற்றுவதாகச் சத்தியம் செய்கிற இந்த நிறுவனங்கள் தங்களையே காப்பாற்றிக்கொள்வதில்லை. மோட்டரோலாவின் சிப் பிரிவு 2004-இல் ஃப்ரீஸ்கேல் ஆனது; ஃப்ரீஸ்கேல் 2015-இல் என்.எக்ஸ்.பி.யில் கரைந்தது. அட்மெல் 2016-இல் போனது, சைப்ரஸ் 2020-இல் இன்ஃபினியனுக்குள் போனது. ஒவ்வொரு தடவையும் தளம் மாறும், இணைப்புகள் செத்துப்போகும், பழைய சிப்புக்கான மென்பொருள் பழைய விண்டோஸோடு உடன்கட்டை ஏறும். யாரிடம் என்.டி.ஏ. போட்டோமோ அவரே இல்லை. ஆனால் சிப் இருக்கிறது. ஏதோ ஒரு நெசவாலையின் கன்ட்ரோல் பேனலில், ஏதோ ஒரு லிஃப்டில், இன்னும் இருபது வருடம் இருக்கும். பொதுவில் வெளியிட்ட தாளை யாராவது ஒருவர் எங்காவது சேமித்து வைத்திருப்பார். கையெழுத்து வாங்கிக் கொடுத்த தாள், கொடுத்த கம்பெனி, வாங்கிய கம்பெனி இரண்டோடும் சேர்ந்து சமாதியாகும்.

சென்னையிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் சக்தி என்று ஒரு பிராசஸரை வடிவமைத்தார்கள், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில். 2018-இல் அது சிப்பாகவும் வந்து லினக்ஸையும் ஓட்டியது. அதன் மூல வடிவமைப்பே, பிராசஸரின் குடலும் நுரையீரலும் உள்பட, பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். கிண்டிக்குள் ஒரு முழு பிராசஸரையே பொதுவில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், ரிச்சி தெருவில் விற்கும் எட்டுக் கால் சிப் ஒன்றின் மூன்றாவது காலில் எத்தனை வோல்ட் என்பதுதான் அனைத்துலக ரகசியம்.

கேட்பது பெரிய வரமில்லை. சிப்பின் வரைபடம் வேண்டாம், உங்கள் சிலிக்கான் சமையல் குறிப்பு வேண்டாம், போனில் உதவி வேண்டாம், சிறகும் வேண்டாம். எந்தக் காலில் என்ன வோல்ட், எந்த வரிசையில் என்ன பிட், எத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும், கட்டளைகளின் எண்கள் என்ன. இவ்வளவுதான். காசு வாங்கிக்கொண்டு விற்ற பொருளைப் பற்றி, வாங்கியவனுக்கு.

அதுவும் முடியாது என்றால் ஒரு சட்டம் போடலாம். சிகரெட் பெட்டியில் போடுவது போல் ரீலின் மேலேயும் ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் அச்சடிக்கட்டும்: 'இதில் எழுதும் முறை வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குக் குறைவாக வாங்குபவர்கள் இதைக் காகிதப் பாரமாகப் பயன்படுத்தலாம்.' இடம் போதாது என்று சொல்வார்கள். எழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் பரவாயில்லை. சிப்பின் எண்ணையே உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு விற்பவர்களிடம் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். ஆளுக்கொரு லென்ஸ் வைத்திருக்கிறோம்.